விரலால் முறுக்கிய போல்ட்

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்குவார்கள். காதுக்காரர் பட்டறை என்று கேட்டால் போதும், சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசல் வரை வந்து கை காட்டுவார். ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்ட வைத்துக் கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். அரை நிமிடம் அப்படியே நிற்பார். பிறகு, "வாட்டர் பம்ப்புக்கு இன்னும் ஒரு மாசம்தான் ஆயுசு" என்பார். சொன்னால் சொன்னதுதான். இருபத்திரண்டு வருடமாக அந்தக் காது பொய் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு, அதுவும் கொஞ்சநஞ்சமில்லை.

வண்டியை விட வந்தவர்களுக்கு உபதேசம் இலவசம். "வண்டி தானா சாகறதில்லைங்க, நாமதான் கொல்றோம்" என்று ஆரம்பிப்பார். காலையில் சாவியைத் திருப்பின உடனே உறுமவிடாதே. எண்ணெயை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்று, கறுத்த பிறகு மாற்றலாம் என்று காத்திருக்காதே. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றாதே. புதிதாக ஒரு சத்தம் கேட்டால் பாட்டை அதிகமாக வைத்து அதை அமுக்காதே. எல்லோரும் தலையாட்டுவார்கள். தெருமுனை திரும்பியதும் காற்றில் விட்டுவிடுவார்கள்.

அப்படி விடாத ஒரே ஆள் சிஸ்டர்.

சிஸ்டர் என்றால் சுகாதார நிலையத்து நர்ஸ். வயது ஐம்பத்தேழு. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய் ஊசி போடுவதும், புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும், சர்க்கரை பார்ப்பதும் அவருடைய வேலை. நாளொன்றுக்குப் பன்னிரண்டு வீடு, பதினான்கு வீடு. பாதி வீடுகள் மேட்டுச் சாலையில். அதற்கென்று ஒரு சின்ன வெள்ளைக் கார், அவருடைய சொந்தக் கார். அதை வாங்கிய நாளிலிருந்து காதுக்காரர் கையைத் தவிர இன்னொரு கை அதில் பட்டதில்லை. நோயாளிகளுக்கு அட்டை வைத்திருப்பதுபோல சிஸ்டர் வண்டிக்கும் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். எண்ணெய் மாற்றிய தேதி, டயருக்குக் காற்று அடித்த தேதி, பெல்ட் மாற்றிய கிலோமீட்டர், எல்லாம் மருந்துச்சீட்டு எழுதுகிற அதே குட்டி எழுத்தில் இருக்கும். மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஓடியும் எஞ்சினை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. காதுக்காரர் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டுவிட்டு, "தூங்கற குழந்தை மாதிரி மூச்சு விடுது சிஸ்டர்" என்பார். சிஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

புதிதாக வருகிறவர்களிடம் காதுக்காரர் அந்த வண்டியைத்தான் காட்டுவார். "என் பேச்சைக் கேட்டு நடந்தா இப்படி இருக்கும்."

இந்தப் பெருமைதான் வினையாக வந்தது.

அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, கைப்பேசிக் கடையில் வேலை பார்ப்பவன், ஒரு நாள் காலையில் முக்காலி போன்ற ஏதோ ஒன்றையும் கைப்பேசியையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, நீங்க வாயாலேயே சொல்லிட்டிருக்கிறதை ஒரு வீடியோவா எடுத்துப் போடுவோம். எஞ்சினைத் திறக்காம நாலு லட்சம் ஓட்டறது எப்படின்னு தலைப்பு. ஊரே பார்க்கும்."

"அட போடா, எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்றார் காதுக்காரர். ஆனால் மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு பட்டறைக்கு வந்தார். மனைவி வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். "பொண்ணு பார்க்கப் போறப்பக்கூட இவ்வளவு சீவலை" என்றாள்.

அன்றைக்கு சிஸ்டரின் வண்டிக்கு எண்ணெய் மாற்றுகிற நாள். அடியில் இறங்கி வேலை செய்வதற்காகப் பட்டறைத் தரையில் வெட்டியிருந்த குழியின் மேல் வண்டி நின்றது. காதுக்காரர் குழிக்குள் இறங்கி, அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடியவிட்டார். வடிந்து முடிந்ததும் போல்ட்டைத் துடைத்துத் திரும்ப மாட்டினார். முதலில் விரலால் முறுக்கிக்கொண்டு போய், கடைசியில் ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். ஆயிரம் தடவை செய்த வேலை. விரலால் முறுக்கிக்கொண்டிருந்தபோது மேலிருந்து மச்சினன் குரல் கொடுத்தான்.

"மாமா, வெயில் நல்லா விழுது. இப்பவே வந்து பேசிடுங்க. அப்புறம் நிழல் வந்துடும்."

ஏறி வந்து பேசினார். முதல் தடவை நாக்குக் குழறியது. இரண்டாவது தடவை சரளமாக வந்தது. மூன்றாவது தடவை அவருக்கே பிடித்துப்போய் இன்னும் இரண்டு விஷயம் சேர்த்துக்கொண்டார். "ஒரு சின்ன போல்ட்டைக்கூட நான் ரெண்டு தடவை தொட்டுப் பார்க்காம வண்டியை வெளியே விடமாட்டேன்" என்று சொன்னதும் மச்சினன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அந்த உற்சாகத்திலேயே புது எண்ணெயை ஊற்றி, மூடியை மூடி, எஞ்சினை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டு, சிஸ்டருக்குப் போன் போட்டு வரச் சொன்னார். குழிக்குள் அவர் மறுபடி இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து சிஸ்டர் போன் செய்தார். "தம்பி, வண்டி நிறுத்தற இடத்துல தரையில ரெண்டு சொட்டு எண்ணெய் கிடக்கு. கொண்டுவரட்டுமா?"

அப்போது காதுக்காரர் கையில் வேறொரு வண்டியின் பிரேக் இருந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "மாத்தும்போது வழிஞ்சது எங்கேயாவது ஒட்டிட்டிருந்து சொட்டும் சிஸ்டர். துடைச்சு விட்டுடுங்க. என் வேலையில சந்தேகமா?" என்றார்.

"ஐயையோ, அப்படிச் சொல்வேனா" என்று சிஸ்டர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

மேலும் நான்கு நாள் கழித்து, பகல் இரண்டு மணிக்கு, சிஸ்டரின் வண்டியை ஒரு இழுவை வண்டி கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கியது. மேட்டுச் சாலையில் ஏறும்போது எஞ்சின் கடகடவென்று அடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டதாம். சிஸ்டர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடேறி நடந்துபோய், ஊசிக்காகக் காத்திருந்த அம்மாளுக்கு ஊசி போட்டு முடித்துவிட்டுத்தான் இழுவை வண்டிக்கே போன் செய்திருக்கிறார். முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது. காலில் செருப்பு வார் அறுந்து, ஊக்குப் போட்டு மாட்டியிருந்தார்.

"என்ன ஆச்சுன்னே தெரியலை தம்பி" என்றார்.

காதுக்காரர் வண்டியைக் குழிக்கு மேல் தள்ளச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். விளக்கைத் தூக்கிப் பிடித்தார். போல்ட் இருக்கவேண்டிய இடத்தில் போல்ட் இல்லை. வெறும் ஓட்டை. அதன் விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் விழட்டுமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

இஸ்திரிச் சட்டை, வெயில், கட்டைவிரலை உயர்த்திய மச்சினன், எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்து நின்றன. விரலால் முறுக்கியது மட்டும்தான். ஸ்பேனர் போடவே இல்லை.

அடுத்து அவர் செய்ததைத்தான் பிற்பாடு அவரால் நினைத்துப் பார்க்க முடியாமல் போயிற்று. மறந்தது கூடப் பரவாயில்லை, மறப்பது மனித இயல்பு என்று சொல்லிக்கொள்ளலாம். இது அப்படியல்ல. குழியின் ஓரத்தில் இருந்த டப்பாவுக்குள் கையை விட்டு, அதே அளவுள்ள பழைய போல்ட் ஒன்றைத் தேடி எடுத்து, சத்தம் வராமல் அந்த ஓட்டையில் மாட்டினார். இந்தத் தடவை ஸ்பேனர் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

"எண்ணெய் சுத்தமா இல்லை சிஸ்டர். எஞ்சின் உள்ளே பிடிச்சுக்கிச்சு."

"எண்ணெய் எங்கே போயிருக்கும்?"

"எங்கேயோ கசிஞ்சிருக்கு. பார்த்தாத்தான் தெரியும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "எண்ணெய் குறைஞ்சா சிவப்பு லைட் எரியுமே. நீங்க பார்க்கலையா?"

சிஸ்டர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "லைட் எரிஞ்சுதா? அந்த அம்மாவுக்கு மருந்து அளவை மாத்தியிருக்காங்க, அதையே நினைச்சுட்டு வந்தேன். எதிர் வெயில் வேற. எரிஞ்சிருக்கணும் இல்லையா தம்பி?"

"எரிஞ்சிருக்கணும்."

"அப்போ என் தப்புதான்." சிஸ்டர் வண்டியின் முன்பக்கத்தில் கையை வைத்தார். "இத்தனை வருஷம் நீங்க கண்ணுல வெச்சுப் பார்த்துக்கிட்ட வண்டி. நான் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க தம்பி."

காதுக்காரர் வாயைத் திறந்தார். நிஜம் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் வாய் வழியாக வந்தது வேறு. "விடுங்க சிஸ்டர். யாருக்கும் நடக்கறதுதான்."

சலவைக்கடைக்காரர் இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

காதுக்காரர் எஞ்சினை இறக்கிப் பிரித்தார். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டை லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சீவிக் கொண்டுவந்தார். பேரிங் எல்லாம் புதிது போட்டார். பதினெட்டு நாள் வேறு எந்த வண்டியையும் தொடவில்லை. கூலியும் வேண்டாம், சாமானுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தெரிந்த பரிகாரம் அது ஒன்றுதான். அதுவும் நேர் எதிராகப் போய் முடிந்தது. சலவைக்கடைக்காரர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். "அந்தம்மா கவனமில்லாம ஓட்டி எஞ்சினையே காலி பண்ணிட்டாங்க. இந்த மனுஷன் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலை. ஓசியில செஞ்சு கொடுக்கறாரு. தங்கமான மனுஷன்யா." பக்கத்து டயர் கடைக்காரர் தேநீர் வாங்கி அனுப்பினார். வீடியோவையும் மச்சினன் போட்டுவிட்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாதவர்கள் வண்டியோடு வந்து நின்றார்கள். "ஒரு போல்ட்டைக்கூட ரெண்டு தடவை தொட்டுப் பார்ப்பேன்னு சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தோம்" என்றார் ஒருவர். காதுக்காரர் குனிந்து அவருடைய டயரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். டயரில் பார்க்க ஒன்றுமில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தால் முன்புபோல எதுவும் பிடிபடவில்லை. கேட்பதெல்லாம் சத்தமாக இருந்தது, அர்த்தம் வரவில்லை. வந்தவர்களிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், "பிரிச்சுப் பார்க்கணும்" என்று மழுப்பினார்.

வண்டி தயாரானதும் சொல்லி அனுப்பினார். சிஸ்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். காதுக்காரர் எஞ்சினை ஓடவிட்டுக் காட்டினார். சிஸ்டர் தலையை ஆட்டினார், சாவியை மட்டும் வாங்கவில்லை.

"வண்டி இங்கேயே இருக்கட்டும் தம்பி. யாராவது நல்ல ஆளா கேட்டா கொடுத்துடுங்க."

"ஏன் சிஸ்டர்?"

"இனிமே வீட்டுக்கு வீடு போற வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுக்கப் போறேன். வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கறேன். சீட்டு எழுதற இடத்துல உட்கார வெச்சுக்கச் சொல்லணும்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "சிவப்பு லைட் கண்ணு முன்னாடி எரிஞ்சும் தெரியலைன்னா, நாளைக்கு ஊசி மருந்துல ஒரு கோடு கூடப் போனாத் தெரியுமா? இந்த ரெண்டு மூணு வாரமா எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை தம்பி. ஊசி போட்டுட்டு வீட்டுக்கு வந்து, சரியாத்தான் போட்டேனான்னு அவங்களுக்கே போன் பண்ணிக் கேட்கறேன். அவங்க பயந்துக்கறாங்க. எங்க அம்மாவுக்கும் இந்த வயசுலதான் மறதி ஆரம்பிச்சுது."

காதுக்காரரின் மனைவி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வயசானா வர்றதுதான் சிஸ்டர். மனசை விடாதீங்க. நீங்களா தெரிஞ்சு ஒதுங்கிக்கறீங்களே, அதுவே பெரிய விஷயம்" என்றாள்.

காதுக்காரர் கையில் சாவியோடு நின்றார். இப்போது சொல்லிவிடு, இப்போது, என்று உள்ளே ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. மனைவி பக்கத்தில் நிற்கிறாளே என்று தயங்கினார். சலவைக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று தயங்கினார். தயங்கி முடிப்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

அன்று பட்டறையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குள் வந்து, அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்தார். மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க முடியாது.

அவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"போல்ட்டை மறந்தீங்க. சரி. வேற போல்ட்டை எதுக்கு மாட்டினீங்க?"

அவர் நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டினார்.

"நான் இப்பதானே அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு வயசானா வர்றதுதான்னு சொன்னேன்?" அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, கோபத்தில். "பக்கத்துலயே நின்னுட்டிருந்தீங்களே. என் வாயாலேயும் சொல்ல வெச்சுட்டீங்களே."

"சொல்லிடறேன்."

"எப்போ?"

"நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போய்..."

"வீட்டுல போய் ரகசியமாச் சொல்லிட்டு வந்துடுவீங்க. தெருவுல தங்கமான மனுஷனா இருப்பீங்க." அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் சுகாதார நிலையத்துக்குப் போனார். வரிசையில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் பாதிப் பேரின் வண்டி அவர் கை பட்டது. "என்ன, காதுக்காரருக்கே காது வலியா?" என்று ஒருவர் கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்ததாகப் பெயர் பண்ணிவிட்டு டாக்டர் அறைக் கதவைத் தட்டினார்.

உள்ளே சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். மேசை மேல் ஒரு காகிதம் இருந்தது, குட்டி எழுத்தில். பெண் டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "வரிசையில வாங்க" என்றார்.

"வைத்தியத்துக்கு வரலை டாக்டர். சிஸ்டர் எழுதியிருக்கிற அந்தக் காகிதம் தப்பு." கதவு சாத்தாமல் இருந்தது. வெளியே பேச்சு அடங்கியது அவருக்குத் தெரிந்தது. கதவைச் சாத்தலாமா என்று ஒரு கணம் கை நீண்டது. மடக்கிக்கொண்டார். "வண்டியைக் கெடுத்தது சிஸ்டர் இல்லை. நான். எண்ணெய் போல்ட்டை இறுக்காம விட்டுட்டேன். அது கழண்டு விழுந்து மொத்த எண்ணெயும் ஒரு நிமிஷத்துல கொட்டியிருக்கு. லைட் எரிஞ்சிருந்தாலும் அதுக்குள்ள எஞ்சின் போயிருக்கும். யார் ஓட்டியிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது. சிஸ்டர் கண்ணுலயும் கோளாறு இல்லை, மூளையிலயும் கோளாறு இல்லை."

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் காதுக்காரரைப் பார்த்தார். நெற்றி அன்றைக்குப் போலவே சுருங்கியது.

"நான் போன் பண்ணேனே" என்றார் மெதுவாக. "ரெண்டு சொட்டு கிடக்குன்னு சொன்னேனே."

"சொன்னீங்க."

"என் வேலையில சந்தேகமான்னு கேட்டீங்க."

"ஆமா."

"இழுத்துட்டு வந்த அன்னைக்கு நீங்க குழிக்குள்ள இறங்கிப் பார்த்தீங்களே. அப்போ போல்ட் இல்லையா?"

"இல்லை. வேற ஒண்ணை மாட்டிட்டுத்தான் மேலே வந்தேன்."

சிஸ்டர் எழுந்து நின்றார். பத்தொன்பது வருடப் பழக்கத்தில் அவர் குரல் உயர்ந்து காதுக்காரர் கேட்டதே இல்லை. இப்போதும் உயரவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். நீங்க வாங்கிக்கிட்டீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எஞ்சின் போனது போகட்டும். இரும்பு. மூணு வாரமா ராத்திரி பகலா எனக்குப் புத்தி பேதலிக்குதுன்னு நினைச்சுட்டிருந்தேன். எங்க அம்மா மாதிரி ஆயிடுவேன்னு மாத்து ஏற்பாடெல்லாம் யோசிச்சுட்டேன். அதைப் பார்த்துட்டும் எப்படி உங்களால சும்மா இருக்க முடிஞ்சுது?"

"தெரியலை சிஸ்டர். வெட்கமா இருக்கு."

"இருக்கட்டும்" என்றார் சிஸ்டர். மேசையிலிருந்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "சாவியைக் கொடுங்க."

கொடுத்தார். சிஸ்டர் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி வெளியே போனார். வரிசையில் இருந்த நாற்பது பேரும் காதுக்காரரைப் பார்த்தார்கள். சற்று முன் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. அவர்களைக் கடந்து வாசல் வரை நடந்ததுதான் தன் வாழ்நாளில் தான் நடந்த நீளமான நடை என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னார்.

அன்று சாயங்காலமே வெள்ளைக் கார் பட்டறை வாசலிலிருந்து போய்விட்டது. அடுத்த எண்ணெய் மாற்றத்துக்கு அது ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் வேறொரு பட்டறைக்குப் போனதாக டயர் கடைக்காரர் வந்து சொன்னார். வேறு சில வண்டிகளும் அப்படியே போயின. சலவைக்கடைக்காரர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏமாற்றப்பட்டது தான்தான் என்பதுபோல முறுக்கிக்கொண்டிருந்தார். காதுக்காரர் மச்சினனைக் கூப்பிட்டு வீடியோவை எடுத்துவிடச் சொன்னார். "இப்பதான் நல்லாப் போயிட்டிருக்கு மாமா" என்று இழுத்தான். அக்காள் ஒரு முறை முறைத்ததும் எடுத்துவிட்டான்.

உபதேசம் நின்றுபோயிற்று. யாராவது நாலு லட்சம் ஓட்டுவது எப்படி என்று கேட்டால், "செஞ்ச வேலையைத் திரும்பக் குனிஞ்சு பார்க்கணும், நான் பார்க்கலை" என்று நடந்ததைச் சொல்லிவிடுவார். கேட்டுவிட்டுச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர் தடுக்கவில்லை. சாவியை விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்கள் முகத்தை நேராகப் பார்ப்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. காது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஒரு நாள் ஒரு பழைய வண்டியின் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்தபோது உள்ளே ஒரு பேரிங் முனகுவது தெளிவாகக் கேட்டது. முன்பு என்றால் தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருப்பார். அன்றைக்குப் பிரித்துப் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். கொதித்துக்கொண்டிருந்த ரேடியேட்டர் ஒன்றின் மூடியைத் திறந்தபோது வெந்நீர் அவர் கையில் தெறித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. மனைவி ஆட்டோவில் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கட்டுப் போடும் அறையில் சிஸ்டர் இருந்தார். காதுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வேற யாராவது..." என்று மனைவியிடம் முனகினார்.

"உட்காருங்க" என்றார் சிஸ்டர். "கையை நீட்டுங்க."

நீட்டினார். சிஸ்டர் கொப்புளத்தைச் சுற்றி ஒவ்வொரு விரற்கடையாகத் துடைத்தார். ஒட்டியிருந்த கிரீஸை வலிக்காமல் எடுப்பதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. மருந்து தடவி, துணி வைத்து, கட்டுச் சுற்றி முடித்தார். முடித்த பிறகு முதலிலிருந்து ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு இடத்தில் இறுக்கமாக இருந்ததோ என்னவோ, அதை அவிழ்த்து மறுபடி சுற்றினார். பிறகு அவருடைய விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்தி, ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்தார்.

காதுக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி எப்படி ஓடுது சிஸ்டர்?" கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமே என்று தோன்றியது.

"ஓடுது." சிஸ்டர் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார். மீதித் துணியைச் சுருட்டிக்கொண்டே, "நல்லா ஓடுது. எஞ்சின் வேலை நல்லா இருக்குன்னு அந்தப் பட்டறைக்காரர் சொன்னார்" என்றார். அதில் கனிவு இருந்ததா என்று அவர் தேடிப் பார்த்தார். இருந்த மாதிரித் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

"தண்ணி படக்கூடாது. திங்கட்கிழமை வந்து கட்டு மாத்திக்கணும். வலி இல்லைன்னு சொல்லிட்டு வீட்டுல இருந்துடாதீங்க."

"வந்துடறேன் சிஸ்டர்."

சிஸ்டர் அவருடைய அட்டையில் தேதி எழுதி மனைவியிடம் கொடுத்தார். திங்கட்கிழமை காலை கதவு திறப்பதற்கு முன்பே அவர் போய் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்.